கெல்லி மாளிகையோடு திரும்பிவிட வேண்டாம்

ஈப்போவிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறவர்களில் பலர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா அருகே இருக்கும் கெல்லி மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பத்து காஜாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நெடுநாள் வருத்தம். சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது, மாளிகையைச் சீக்கிரமாகப் பார்த்து முடித்து, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்து தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் மாளிகையைக் கட்டத் தொடங்கி, அதற்கான வேலையாட்களைச் சென்னைப் பக்கமிருந்து வரவழைத்தார். கொள்ளைநோய் கண்டு அவர்களில் பலர் மடிந்தபோது, அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க, துரையும் சம்மதித்தார். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனதால் மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "அண்ணாந்து பாருங்க தம்பி, சாமிங்களுக்குப் பக்கத்துல தொப்பி போட்டு நிக்கிறாரே, அவருதான் தொரை," என்றார். வெள்ளை உடுப்போடு நின்ற அந்தச் சுதையுருவத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். கோயில் கட்டத் துணைநின்ற துரையைத் தெய்வங்களின் வரிசையிலேயே நிறுத்திய அந்த வேலையாட்களின் நன்றியுணர்வைச் சொல்ல, மாளிகையின் எந்தச் சுவரும் போதாது என்றே நான் நினைக்கிறேன்.

பிற்பகலில் பூசிங் பக்கமிருக்கும் பாப்பானுக்குச் சென்றோம். ஈயச் (வெள்ளீயம்) சுரங்கத்தொழில் செழித்த காலத்தில் பரபரப்பாக இருந்த அச்சிற்றூரில், இன்று பல கடைவீடுகளின் சுவரைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், 74ஆம் எண் கடைவீட்டில்தான் தாதியான சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தி, காட்டிலிருந்து வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார். வானொலியை மறைத்து வைத்து வெளியுலகச் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டுக் கடுஞ்சித்திரவதைக்கு உள்ளானபோதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வீரச்செயலுக்காகப் பிரிட்டன் வழங்கும் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், அந்தக் காயங்களின் பாதிப்பிலிருந்து மீளாமலே 1948 ஜூனில் காலமானார்.

நாங்கள் சென்றபோது அந்தக் கடைவீட்டின் கதவு பூட்டியிருந்தது. தாதிமைப் படிப்பில் இருக்கும் அண்ணன் மகள் மட்டும், நாங்கள் காரில் ஏறிய பிறகும் அக்கதவருகே நின்றிருந்தாள். "சித்தப்பா, இவரைப் பற்றி எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நேரம் இருப்பவர்கள் தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக் கப்பலையும் (ஈயமண்ணைத் தோண்டியெடுக்கும் மிதக்கும் இயந்திரம்) பார்க்கலாம். ஆனால் வெயில் ஏறுவதற்குள் கோயிலையும், மழை பிடிப்பதற்குள் பாப்பானையும் முடித்துக்கொள்ளுங்கள்.