பனங்காய் 30, சோடா மூடி 40: வாசிகசாலைக் குழுவில ஒரு பின்னேரம்

*வாசிகசாலைச் செயலாளர்* – 6:42
எல்லாருக்கும் வணக்கம். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், முதியோர் தினமும் அண்டைக்குத்தான். இந்தமுறை பாட்டு பேச்சோட நிப்பாட்டாமல் பிள்ளையள் தங்கட கையால செய்த விளையாட்டுச் சாமானுக்கு ஒரு நீட்டு மேசை போடுறம். 24 பேர் பேர் தந்திருக்கினம். என்ன வேணும், எவ்வளவு வேணும் எண்டதை இதில போடுங்கோ. வாழ்த்துப் படம் அனுப்பாதையுங்கோ 🙏

*கவி அம்மா* – 6:45
கிளிநொச்சி ரவுணில பெட்டியாவே விக்கினம் அண்ணா. மோட்டர், சில்லு, ஸ்குரூ எல்லாம் உள்ளுக்க இருக்கும். படத்தைப் பார்த்துப் பூட்டினால் சரி. வடிவாயும் இருக்கும்.

*சைக்கிள்கடை அண்ணை* – 6:47
அந்தப் பெட்டிக்குள்ள யோசிக்கிற வேலையை ஆரோ முடிச்சு வச்சிட்டினம் தங்கச்சி. 24 பெட்டி வாங்கினால் 24 பேரிட்டையும் ஒரே கார்தான் ஓடும்.

*விஞ்ஞான ரீச்சர்* – 6:50
பெட்டி வேண்டாம். நான் சொல்லுறது மூண்டு: பனங்காய் வண்டில், நூல் போட்ட சோடா மூடி, போத்தல் கார். மூண்டும் செய்யச் சுகம், ஆனால் மூண்டும் முதல்தரம் ஒழுங்கா ஓடாது. எனக்கு வேண்டியது அதுதான். ஓடாத இடத்தில பிள்ளை என்ன மாத்துது எண்டு பார்க்கலாம். இதை விட்டுப் பிள்ளை தன்ர யோசனையில ஒண்டு கொண்டு வந்தால் அதுக்கு மேசையில முன்னிடம்.

*பட்டறை மாமா* – 6:58
வண்டிலுக்கு ரெண்டு பிள்ளைக்கு ஒண்டு எண்டு 12 வண்டில். 24 காய் போதும், 30 எடுங்கோ, சிலது குத்தேக்க வெடிக்கும். காயாத்தான் வேணும். பழம் ஆகாது, நாருக்குள்ள தடி பிடிச்சு நிக்காது, இலையானும் மொய்க்கும்.

*பட்டறை மாமா* – 7:04
சோடி சேர்க்கிறதுதான் முதல் வேலை. கயிறால சுத்தளந்து பாருங்கோ. ஒரு விரல் வித்தியாசம் எண்டாலும் வண்டில் சின்னக் காய்ப் பக்கமா வளைஞ்சு வளைஞ்சு போகும். ஒரு விதைக் காயையும் தள்ளுங்கோ, அது ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், நடுவில குத்தினால் கொட்டையில முட்டித் தடி முறியும். மூண்டு விதைக் காய் உருண்டையா இருக்கும். காம்புத் தொப்பியைக் கழட்டிப்போட்டு நட்ட நடுவில குத்தினால் மூண்டு கொட்டைக்கும் இடையால இறங்கும்.
அச்சுத்தடி கொய்யா, இல்லாட்டிப் பூவரசு. பெருவிரல் மொத்தம், ஒண்டரை அடி நீளம், ரெண்டு முனையும் சீவவேணும். ஒவ்வொரு காய்க்குள்ளயும் 3 அங்குலம் போனால் நடுவில ஒரு அடி வெளி இருக்கும். தள்ளுற தடி கவர் விட்டது, முனை ரெண்டாப் பிரிஞ்சது, பிள்ளையின்ர நெஞ்சளவு உயரம். வேலியில நிக்கிற கிளிசறியாவில நல்ல கவர் எடுக்கலாம்.

*கவி அம்மா* – 7:09
இவன் போன கிழமை நுங்குக் கோம்பையில ஒண்டு செய்தவன் மாமா. நேரா நல்லா ஓடுது. ஒழுங்கை முடக்கில திரும்ப மாட்டன் எண்டுது. தூக்கித்தான் வைக்கிறான். ஏன்?

*பட்டறை மாமா* – 7:13
ரெண்டு காயும் ஒரே தடியில இறுகி நிக்குது. முடக்கில வெளிப்பக்கக் காய் கூடத் தூரம் உருளவேணும், உள்பக்கக் காய் குறையத் தூரம். ரெண்டும் ஒண்டாச் சுத்தினால் ஒண்டு நிலத்தில இழுபடத்தானே வேணும்.

*சைக்கிள்கடை அண்ணை* – 7:14
லான்ட்மாஸ்ரரில, அந்த ரெண்டு சில்லு உழவு மெசினில, முடக்கேக்க ஒரு பக்கக் கிளச்சைப் பிடிக்கிறதும் இதுக்குத்தான். காரில, பஸ்ஸில அந்த வேலையை டிபரன்சல் பார்க்குது.

*பட்டறை மாமா* – 7:19
ஒரு காயை இறுக்கமா விட்டிட்டு மற்றதை லூசா விடவேணும். லூசா விடுற காயில ஓட்டை ஊடுருவிப் போகவேணும், தடி வெளியில ரெண்டு விரல் நீட்டி நிக்கவேணும், அதில குறுக்கால ஒரு ஆணி. காய் தானாச் சுத்தும், கழண்டும் விழாது. ஓட்டையை நான் துறப்பணத்தால போட்டுத் தாறன், பிள்ளையள் அதில கை வைக்க வேண்டாம். ஆனால் கவியின்ர அம்மா, இதை அவனுக்கு இப்ப சொல்லிப்போடாதையுங்கோ. முடக்கில ஏன் இழுபடுது எண்டு மட்டும் கேட்டு விடுங்கோ.

*கவி அம்மா* – 7:20
அவன் பக்கத்தில இருந்து வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறான் 😄

*பட்டறை மாமா* – 7:21
அப்ப வேற கேள்வி. தம்பி, பச்சைக் காய் ரெண்டு நாளில வத்தும், ஓட்டை பெருக்கும், இறுகின காயும் ஆடத் தொடங்கும். என்ன செய்வாய்?

*கவி அம்மா* – 7:26
பனைமட்டையைச் சீவி ஆப்பு அடிப்பானாம். தடியில சணல் சுத்தினாலும் சரியாம், ஆனால் சணல் நனைஞ்சால் வழுக்குமாம்.

*பட்டறை மாமா* – 7:27
ஆப்பு சரி. ஒரு பக்கத்தில மட்டும் அடிச்சால் தடி நடுவை விட்டுத் தள்ளும், காய் நொண்டும். மூண்டு பக்கமும் மெல்லிசா அடிக்கச் சொல்லுங்கோ.

*முன்பள்ளி அக்கா* – 7:30
என்ர சின்னனுகளுக்கு இதெல்லாம் பாரம். 3 வயசு, 4 வயசு. வாயில வைக்கிற வயசு வேற. அவைக்குப் பூவரசம் இலைப் பீப்பீயும் பப்பாசிக் குழலும் போதும். இலை முத்தவும் கூடாது, தளிராயும் கூடாது. பென்சில் மொத்தத்துக்குச் சுருட்டி ஒரு முனையை ஒரு சென்ரிமீற்றருக்குப் பல்லால மெல்ல நசிச்சு விட்டு ஊதவேணும். இலை வாடினால் சத்தம் போயிடும், அதால அண்டைக்குக் காலமைதான் பிடுங்கவேணும். பப்பாசித் தண்டை வெட்டினால் பால் வடியும், உதடு எரியும். வெட்டித் தண்ணியில போட்டுக் கழுவிப்போட்டுத்தான் குடுக்கிறது.
ஒண்டு கேக்கிறன்: பற்றரி போட்ட சாமான் ஒண்டும் அந்த மேசைக்கு வரக்கூடாது. பொத்தான் பற்றரி விழுங்கினால் தொண்டைக் குழலையே அரிச்சுப்போடும்.

*வாசிகசாலைச் செயலாளர்* – 7:32
பற்றரி இல்லை. முடிவு.

*சைக்கிள்கடை அண்ணை* – 7:35
அதைவிடப் பெரிசு ஒண்டு. பிள்ளையளிட்ட "சாமான் தேடிக்கொண்டு வாங்கோ" எண்டு ஒருத்தரும் சொல்லாதையுங்கோ. இரும்பு வேணும், குழாய் வேணும் எண்டு பத்தைக்குள்ள, பழைய பங்கர் பக்கம் போகக்கூடாது. கண்ணிவெடி எண்டு மண்டையோட்டுப் பலகை நட்ட இடம் மட்டும் எண்டில்லை, மழை மண்ணை அரிச்சால் புதைஞ்சு கிடந்தது மேல வரும். பழக்கமில்லாத இரும்பைக் கண்டால் தொடுறேல்லை, தடியால கிண்டுறேல்லை, கல் எறியிறேல்லை. நிண்ட இடத்தில நிண்டு, வந்த அடியால திரும்பி வந்து பெரியாக்களிட்டச் சொல்லவேணும். வேண்டிய கம்பி, ஸ்போக், பழைய ரியூப் எல்லாம் கடையில கிடக்கு, நான் தாறன்.

*விஞ்ஞான ரீச்சர்* – 7:36
இதைப் பட்டியலின்ர தலையில போடுங்கோ அண்ணை.

*விஞ்ஞான ரீச்சர்* – 7:47
சோடா மூடிக்கு வாறன். பலகையில வச்சுச் சுத்தியலால தட்டினால் 4 சென்ரிமீற்றருக்குக் கிட்ட விரியும். விளிம்பு கத்திதான், கல்லில நல்லாத் தேய்க்கவேணும். நடுப்புள்ளியில இருந்து ரெண்டு பக்கமும் 3 மில்லிமீற்றரில ரெண்டு ஓட்டை, சின்ன ஆணியால. நாலடி நூலை ரெண்டு ஓட்டையாலும் விட்டு முடிஞ்சால் ரெண்டடி வளையம். விரலில மாட்டி, மூடியை 20, 30 சுத்து முறுக்கிப்போட்டு இழுக்கிறது. முறுக்கு அவிழ்ந்து முடியிற நேரம் கையைத் தளர்த்தவேணும், மூடி தன்ர வேகத்தில மற்றப் பக்கம் முறுக்கும். தளர்த்தாமல் இழுத்துப் பிடிச்சால் நிண்டுபோகும். எல்லாப் பிள்ளையும் முதல் பிழைக்கிற இடம் இது.
ஓட்டை நடுவை விட்டு விலகினால் மூடி துள்ளும். ரெண்டும் நெருங்கினால் இடையில இருக்கிற தகரம் கிழியும்.

*கரை அக்கா (முல்லைத்தீவு)* – 7:50
தையல் நூல் போடாதையுங்கோ ரீச்சர், தகரம் அறுத்துப்போடும். தங்கூசி நைலோன் நூலும் வேண்டாம், வழுக்கும், விரலையும் வெட்டும். வலை பொத்துற நூல் நல்லது. கொஞ்சம் அனுப்பிவிடுறன்.

*விஞ்ஞான ரீச்சர்* – 7:52
நன்றி அக்கா. 40 மூடிக்கு 160 அடி, ஒரு 200 அடி அனுப்புங்கோ.
எட்டு வயசுக்குக் கீழ தகரம் குடுக்கிறேல்லை. கொப்பி மட்டையில 10 சென்ரிமீற்றர் வட்டம் ரெண்டை ஒட்டினால் காணும். அதில நிறம் பூசினால் சுத்தேக்க நிறம் கலக்கிறதையும் பார்க்கலாம்.

*கவி அம்மா* – 7:55
ரீச்சர், குறை நினைக்காதையுங்கோ, சோடா மூடியை மேசையில வச்சால் வாற அதிகாரியள் சிரிக்க மாட்டினமோ?

*விஞ்ஞான ரீச்சர்* – 8:01
சிரிச்சால் இதைச் சொல்லுங்கோ. அமெரிக்காவில ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில மனு பிரகாஷ் எண்டவரின்ர குழு இதே விளையாட்டை வச்சுக் கடதாசியில ஒரு கருவி செய்து 2017இல வெளியிட்டது. மட்டை வட்டத்தில நுண்ணிய குழாயில ரத்தம், நடுவால நூல், ரெண்டு கையாலும் இழுக்கிறது. நிமிசத்துக்கு 1,25,000 சுத்து வரைக்கும் போனது. கரண்ட் இல்லாமல் ரெண்டு நிமிசத்துக்குள்ள ரத்தத்தில நீர்ப்பகுதியைப் பிரிச்சுது. செலவு 20 சதம், அமெரிக்கக் காசில. மலேரியாக் கிருமி தேடத்தான் முக்கியமா யோசிச்சவை.

*பட்டறை மாமா* – 8:03
மலேரியாவோ! வன்னியில அந்தக் குலைப்பன் காய்ச்சல் தெரியாத வீடு எது. அப்ப கையில சோடா மூடியும் இருந்தது 😄

*விஞ்ஞான ரீச்சர்* – 8:04
2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கையில மலேரியா இல்லை எண்டு அறிவிச்சிட்டுது மாமா. மூடி மட்டும் மிச்சம்.

*சைக்கிள்கடை அண்ணை* – 8:12
போத்தல் கார் நான் பார்க்கிறன். அரை லீற்றர் போத்தல் 1, பிளாஸ்ரிக் மூடி 4, ஸ்போக் 2, மை முடிஞ்ச பேனைக் கோது 2, பலூன் 1. மூடியின்ர நடுவில சூடாக்கின ஆணியால ஓட்டை, அதைப் பெரியாள்தான் செய்யவேணும். ஸ்போக் 2 மில்லிமீற்றர், ஆணி அதைவிடக் கொஞ்சம் மெல்லிசா இருந்தால் மூடி இறுகி நிக்கும். கோதுக்குள்ளால ஸ்போக் போகும், கோதைத்தான் போத்தலில கட்டுறது. ரெண்டு கோதும் சமாந்தரமா இல்லாட்டிக் கார் வட்டம் அடிக்கும். பலூன் வாயில ஒரு குழாய் கட்டிப் பின்பக்கம் நீட்டி விடவேணும். கட்டுறதுக்கு ரியூப் நாடா, நூல் எண்டால் காத்துக் கசியும்.
சீமெந்து நிலத்தில பறக்கும். எங்கட மணலில ஒரு முழமும் போகாது.

*கவி அம்மா* – 8:15
வாசிகசாலை முத்தம் மணல்தானே அண்ணை?

*சைக்கிள்கடை அண்ணை* – 8:19
அதுக்குத்தான் முத்தத்தில ஓட விடப்போறம். சின்னச் சில்லு புதையும். பழைய பாட்டாச் செருப்பில 6 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டிப் போடுற பிள்ளை தப்பும். ரெண்டு வட்டத்தைச் சேர்த்து ஒட்டினால் அகலம் கூடும், இன்னும் நல்லது. ஆனால் பாரமும் கூடும், பலூன் காணாது. அங்கால ரியூப் வளையத்தை அச்சில முறுக்கி ஓட்டுறதோ, ரெண்டு பலூன் பூட்டுறதோ, அதுகளே யோசிக்கட்டும். செருப்பும் ரியூப்பும் மேசைக்குக் கீழ ஒரு கடகத்தில கிடக்கும். எடுக்கச் சொல்லி ஆரும் கை காட்டக்கூடாது.

*தமிழ் சேர்* – 8:22
பட்டம் இல்லையோ? காத்தில கூவுற விண் கட்டிக் கொக்குப்பட்டம் விட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

*பட்டறை மாமா* – 8:24
ஒக்டோபர் தொடக்கத்தில காத்து நிலையா நிக்காது சேர். சோளகம் அடங்கி வாடை விழவேணும். தைப்பொங்கலுக்கு வைப்பம். அப்பவும் தங்கூசி வேண்டாம், றோட்டில மோட்டசைக்கிளில வாறவையின்ர கழுத்தை அறுக்கும். கரண்ட் கம்பிக்குக் கிட்டவும் ஏத்துறேல்லை.

*தமிழ் சேர்* – 8:29
சரி, பொங்கலுக்கு. பரிசு எப்பிடி? வடிவு, உறுதி, ஓட்டம் எண்டு புள்ளி போட்டால் தகப்பன்மார் செய்து குடுத்ததுதான் வெல்லும்.

*விஞ்ஞான ரீச்சர்* – 8:35
வடிவுக்குப் புள்ளி இல்லை. ஒவ்வொரு பிள்ளையிட்டையும் ரெண்டு கேள்வி: எங்க பிழைச்சது? என்ன மாத்தினனீ? தகப்பன் செய்த வண்டிலுக்கு ரெண்டாவது கேள்வியில மறுமொழி வராது. அதோட, பிழைச்ச சாமானையும் எறியாமல் கொண்டு வரவேணும். நொண்டுற வண்டில் ஒண்டு, ஓடுற வண்டில் ஒண்டு, பக்கத்தில பக்கத்தில.

*கவி அம்மா* – 8:37
எனக்கு அது அவ்வளவு பிடிக்கேல்லை ரீச்சர். உடைஞ்சதை வச்சால் பிள்ளைக்கு வெக்கமா இருக்கும்.

*விஞ்ஞான ரீச்சர்* – 8:39
விருப்பமில்லாத பிள்ளை வைக்கத் தேவையில்லை. வாயால சொன்னால் காணும்.

*சைக்கிள்கடை அண்ணை* – 8:46
ரீச்சர், மலாவியில ஒரு பெடியன், வில்லியம் கம்குவாம்பா. பஞ்ச காலத்தில பள்ளிக்கூடக் காசு கட்ட வழியில்லாமல் நிண்டவன். ஊர் வாசிகசாலைப் புத்தகத்தில காத்தாடியின்ர படத்தைப் பார்த்து, 14 வயசில பழைய சைக்கிள், ட்ராக்டர் விசிறி, பிளாஸ்ரிக் குழாய் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வெளிச்சம் எடுத்தவன். கரண்டுக்குப் போட்டது சைக்கிள் டைனமோ. வாசிகசாலை மேசைக்குப் பொருத்தமான கதை, அறிவிப்பில ரெண்டு வரி சேருங்கோ.

*பட்டறை மாமா* – 8:48
டைனமோ எங்களுக்குப் புதுசோ? சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தித்தான் வன்னியில றேடியோ கேட்டது. சுத்தினது முக்காவாசியும் பிள்ளையள். முதியோர் தினமும் சேர்ந்து வருகுதெல்லே, ஒரு சைக்கிளைக் கவிட்டு வையுங்கோ. றேடியோவுக்கு விளக்கம் கூட வேணும், ஒரு 6 வோல்ற் பல்பு காணும். மெதுவாச் சுத்தினால் மங்கும், வேகமாச் சுத்தினால் வெளிக்கும், அளவுக்கு மிஞ்சினால் பல்பு எரிஞ்சுபோகும். மேலதிகமா நாலு பல்பு வாங்கி வையுங்கோ.

*வாசிகசாலைச் செயலாளர்* – 8:57
எழுதிக்கொண்டன். பனங்காய் 30, கொய்யாத்தடி 14, கவர்த்தடி 12, சோடா மூடி 40, வலைநூல் 200 அடி, போத்தல் 24, பேனைக் கோது 48, பலூன் 60, ஸ்போக் 50, பல்பு 5. சுத்தியலும் கத்தியும் மாமாவின்ர மேசையில மட்டும். இரும்பு தேடிப் போகக்கூடாது எண்டது அறிவிப்பில முதல் வரி.

*பட்டறை மாமா* – 8:59
பனங்காயை முதல்நாள் பின்னேரத்துக்கு முன்னம் இறக்காதையுங்கோ, வத்தும். பொலித்தீன் பையில கட்டி வைக்கவும் வேண்டாம், வேர்த்து அழுகும். வெங்காயச் சாக்கில போட்டு நிழலில வையுங்கோ.