பின் சக்கர ஏரோ கவர் இடது செயின்ஸ்டேயில் உரசுகிறது: எங்கே தப்பு?

காற்றாடி:

சைக்கிளின் பின் சக்கரத்தை மூட, காற்றுத்தடை குறைக்கும் ஏரோ கவர் செய்திருக்கிறேன். 700சி (ரோடு சைக்கிள் அளவு) சக்கரம், டிஸ்க் பிரேக், ரிம் வெளி அகலம் 24 மி.மீ., டயர் 28. 0.75 மி.மீ. பிஇடிஜி (பிளாஸ்டிக்) ஷீட்டில் இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் ஹப்புக்கு ஓட்டை போட்டு, ஸ்போக்ஸ் இடுக்கு வழியாக நைலான் ஸ்க்ரூவால் இரண்டையும் பிணைத்திருக்கிறேன். வலது கவர் நன்றாகப் படிந்துவிட்டது. இடது கவர் மட்டும் ரிம் ஓரத்தில் அலையலையாக எழும்புகிறது. ஸ்க்ரூவை முறுக்க முறுக்க ஓரம் இன்னும் வெளியே வருகிறது. எழுந்து நின்று மிதித்தால் செயின்ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஃபிரேம் குழாய்) சரக் சரக்கென்று சத்தம். ஓரத்தில் 5 மி.மீ. வெட்டிவிட்டால் போதுமா?

ஆரக்கம்பி:

வெட்டாதீர்கள். வெட்டினாலும் அலை அப்படியேதான் இருக்கும். கவர் ரிம்மை எட்டாமல் போவதுதான் மிச்சம்.

கேசட்டுக்கு (பின் பல்சக்கரத் தொகுதி) இடம் விடவேண்டி இருப்பதால் வலது பிளேஞ்ச் (ஹப்பில் ஸ்போக்ஸ் மாட்டும் விளிம்பு) நடுக்கோட்டுக்கு நெருக்கமாகவும், இடது பிளேஞ்ச் நன்றாகத் தள்ளியும் இருக்கும். அதனால் இடது பக்கத்துக்குத் தேவை தட்டையான வட்டம் இல்லை, தாழ்ந்த கூம்பு. தட்டை ஷீட்டைக் கூம்பின் மேல் போர்த்தினால் ஓரத்தில் சுற்றளவு மிஞ்சும். மிஞ்சியதற்குப் போக்கிடம் இல்லாமல்தான் அலை எழும்புகிறது.

எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் ஹப்பை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு என் எண்கள், எல்லாம் மி.மீ.: கவர் ஆரம் 295, பிளேஞ்சில் ஸ்போக்ஸ் ஓட்டை வட்டத்தின் ஆரம் 22, இடது பிளேஞ்ச் நடுக்கோட்டிலிருந்து 35. வெளியே தெரியும் ஸ்போக்ஸ் தலைக்கு 2 சேர்த்து 37. ரிம்மின் பாதி அகலம் 12. அப்படியானால் 273 மி.மீ. தூரத்தில் 25 மி.மீ. ஏறுகிறது, சரிவு 0.092. சரிவை அதே எண்ணால் பெருக்கி, கவர் ஆரத்தாலும் 3.14ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 8 மி.மீ. வரும். ஓரத்தில் 8, நடுவில் பூஜ்யம் என்று மெல்லிய ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கவேண்டியது அவ்வளவுதான். வலது பக்கம் பிளேஞ்ச் 18 என்று வைத்தால் அதே கணக்கில் 0.8 மி.மீ.தான் வருகிறது. உங்கள் வலது கவர் எதுவும் செய்யாமலே படிந்ததற்குக் காரணம் இதுதான்.

வெட்டிய இரண்டு ஓரத்தையும் முட்டவைத்து, உள்பக்கம் 25 மி.மீ. அகலப் பட்டையை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் அந்தப் பட்டையே உரசும்.

மூன்றாம் கியர்:

மேலே சொன்னது சரி. ஆனால் ஸ்க்ரூவை விட்டுவிட்டார், பாதிக் குற்றம் அங்கேதான். இடையில் ஒன்றும் வைக்காமல் முறுக்கினால் இரண்டு கவரின் நடுப்பகுதியும் உள்ளே இழுபடும். ரிம் விளிம்பு தாங்கு புள்ளியாகி, கவர் ஓரம் வெளியே விரியும். முறுக்க முறுக்க உரசல் கூடியது அதனால்தான்.

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஸ்பேசர் குழாய் போடுங்கள். மேலே உள்ள எண்களின்படி, ஓரத்திலிருந்து 30 மி.மீ. உள்ளே குழாய் நீளம் 27.5 மி.மீ.; ஹப்புக்கும் ஓரத்துக்கும் நடுவில் 40 மி.மீ. வெளிவட்டத்தில் 6, நடுவட்டத்தில் 3 போதும். ரிம் ஆழமானது என்றால் வெளிவட்டத்தை ரிம்முக்கு உள்ளே தள்ளிவைத்து, நீளத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும். தலை தட்டையான எம்4 நைலான் ஸ்க்ரூ, கீழே அகல வாஷர். விரலால் முறுக்கி, கால் சுற்று கூடுதலாகக் கொடுத்தால் முடிந்தது.

இடைவெளியை ஆலன் கீயால் பாருங்கள். 3 மி.மீ. கீ கவருக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே, சீட்ஸ்டேயிலும்தான் (சீட் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்), சக்கரத்தை எட்டு இடத்தில் நிறுத்தி நுழைத்துப் பார்த்தால் தடையில்லாமல் போகவேண்டும். 2 மி.மீ. கீ மட்டும் நுழைகிறது என்றால் ஸ்டாண்டில் உரசாது, எழுந்து மிதித்தால் உரசும்; ஃபிரேமும் சக்கரமும் வளையும் அளவு அது. கவர் மாட்டும் முன்பே சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிடுங்கள், 0.5 மி.மீ.க்குள். மாட்டிய பிறகு ஸ்போக்ஸை இறுக்கும் நிப்பிளுக்குக் கீ எட்டாது.

டிஸ்க் பிரேக் என்பதால் இன்னொன்று. ரோட்டரை (பிரேக் தட்டு) கழற்றிவிட்டுக் கவரை உள்ளே போட்டு, அதன் மேல் ரோட்டரை மாட்ட வேண்டும். ரோட்டரைக் கவ்வும் காலிப்பரின் உள் பாதிக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே பல சைக்கிள்களில் 2, 3 மி.மீ.தான் இருக்கும். செயின்ஸ்டே சத்தம் என்று நினைத்தது காலிப்பர் சத்தமாகவும் இருக்கலாம். வலப்பக்கம் கேசட்டைக் கழற்றி மாட்டியபின், மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டு டிரெயிலியர் (கியர் மாற்றும் கருவி) கூண்டு கவரைத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால் முதலில் ஹேங்கர் (அந்தக் கருவியைத் தாங்கும் துண்டு) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அது சக்கரப் பக்கம் போகும் எல்லையை வைக்கும் லோ லிமிட் ஸ்க்ரூ.

காற்றாடி:

இரண்டு பேருக்கும் நன்றி. என் ஹப்பில் இடது பிளேஞ்ச் 34, கணக்கு 7 மி.மீ. சொல்கிறது. ஸ்க்ரூவில் ஸ்பேசர் எதுவும் போடவில்லை, அதுதான் கோளாறு. 0.5 மி.மீ. ஷீட்டுக்கு மாறினால் நல்லதா? வால்வுக்கு என்ன வழி?

ஆரக்கம்பி:

எடை குறையும். இரண்டு கவரும் சேர்ந்து 0.75இல் சுமார் 520 கிராம், 0.5இல் 350. ஆனால் மெல்லியது பக்கக் காற்றில் படபடக்கும். நடுவட்ட ஸ்க்ரூவை 6 ஆக்கினால் அடங்கும். அக்ரிலிக் பக்கம் போகாதீர்கள், ஸ்க்ரூ ஓட்டையில் விரிசல் விடும்.

வால்வுக்கு வலது கவரில் 50 மி.மீ. வட்ட ஜன்னல், மூலை இல்லாமல். மூலை இருந்தால் அங்கிருந்து கிழியும். மேலே வினைல் டேப் ஒட்டி, ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் புதுசாக மாற்றுங்கள். நுனி கிளம்பிய டேப்பும் செயின்ஸ்டேயில் தட்டிச் சத்தம் போடும்.

முன் சக்கரத்துக்கு இதைச் செய்யவேண்டாம். பக்கக் காற்று ஹேண்டிலைப் பிடுங்கும்.

மூன்றாம் கியர்:

போட்டிக்கு என்றால் விதியைப் பார்த்துவிடுங்கள். காற்றுத்தடையைக் குறைக்கவென்றே சேர்க்கும் கவசங்களை யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) அனுமதிப்பதில்லை.

எல்லாம் மாட்டியபின் செயின்ஸ்டே, சீட்ஸ்டே இரண்டின் உள்பக்கமும் காகித மாஸ்கிங் டேப் ஒட்டி 10 கி.மீ. ஓட்டுங்கள், இரண்டு முறையாவது எழுந்து நின்று அழுத்தி மிதித்து. டேப்பில் கோடு விழுந்திருந்தால் கவர் உரசுகிறது. ஸ்பேசர் நீளத்தைத் திரும்ப அளக்கணும். ஆப்பு வெட்டி ஒட்டிய இணைப்பு துருத்துகிறதா என்றும் பாருங்கள்.