பழைய டர்போ கார் இழுக்கவில்லையா? டர்போவை மாற்றுவதற்கு முன்னால்...

பிரிட்டனுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் வாங்குவது, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் காரைத்தான். நானும் அப்படி 2009 மாடல் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது வாரமே எம்25 மோட்டார்வேயில் ஏறும்போது மாட்டிக்கொண்டேன். பின்னால் லாரி, காலுக்கடியில் முழுக்க மிதித்த ஆக்சிலேட்டர், வண்டியோ 45 மைலைத் தாண்ட மாட்டேன் என்றது. ஊராக இருந்தால் ஓரமாக உருட்டிக்கொண்டு போயிருப்பேன். இங்கே அந்த ஏறுபாதை முடிவதற்குள் மற்ற வண்டிகளின் வேகத்தைப் பிடித்தாக வேண்டும்.

காரேஜில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போய்விட்டது, 1,100 பவுண்ட் ஆகும்" என்றார்கள். (டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி.) கடைசியில் பழுதானது பென்சில் கனம்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய். அதன் விலை 6 பவுண்ட்.

வெறுமனே "பிக்கப் இல்லை" என்று போய் நின்றால் யாரும் எதை வேண்டுமானாலும் மாற்றுவார்கள். எப்போது இழுக்கவில்லை என்று முதலில் நீங்கள் கவனியுங்கள். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது சட்டென்று சக்தி போய், வண்டியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுகிறதா? அது லிம்ப் மோட். காற்றழுத்தம் கூடியோ குறைந்தோ போனதால், எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே கையைக் கட்டிவிடுகிறது. டர்போவுக்குள் இருக்கும் சின்ன இதழ்களில் கரி படிந்து சிக்கினாலும் இப்படி ஆகும். மிதித்ததும் உஸ்ஸென்று சத்தமும் பின்னால் கரும்புகையும் வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு காற்றுக் குழாய் பிளந்திருக்கும். நீலப்புகை, சைரன் மாதிரி ஊளை, ஆயில் மளமளவென்று குறைவது, இவை இருந்தால்தான் டர்போ மீதே சந்தேகப்பட வேண்டும். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? அது கிளட்ச் வழுக்குவது. டர்போவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, 20 பவுண்டுக்குள் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரில் பதிவான பழுது எண்களைப் போனில் காட்டும் கருவி) வாங்கிவிடுங்கள். பி0299 என்று வந்தால் அழுத்தம் போதவில்லை, பி0234 என்றால் அதிகம். இந்த எண்ணைப் பார்த்ததும் டர்போவை ஆர்டர் செய்துவிடாதீர்கள்; அழுத்தம் குறைந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. அதே ஸ்கேனரில் மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவு தெரியும். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினால் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்டும், அது வெளிக்காற்றின் அழுத்தம். மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் பெரும்பாலான டர்போ டீசல்களில் 200 பக்கம் போக வேண்டும். என் கார் 120-லேயே நின்றது. இதைப் பார்க்க வேறொருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் 200 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. இங்கே லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு அந்த 6 புள்ளியே லைசென்ஸைப் பறித்துவிடும்.

அப்புறம், எஞ்சின் ஆறியதும் போனட்டைத் திறந்து குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், பிளவு எப்போதும் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) குழாயில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு சகஜம். ஒரே இடத்தில் மட்டும் ஈரமாக, கருப்பாக அப்பியிருந்தால் அங்கேதான் காற்று தப்புகிறது. டர்போவைக் கட்டுப்படுத்தும் கம்பி வேக்வத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் வகை என்றால், வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு டர்போ பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பியைப் பாருங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது ஒரு சென்டிமீட்டர் போல நகர வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். என்னுடையது அசையவே இல்லை. அதற்குப் போகும் வேக்வம் குழாயைப் பிடித்து வளைத்தேன், பழைய ரப்பர் பேண்ட் மாதிரி விரிசல் விட்டுக் கையோடு வந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் மாஸ் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்வது), இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்புவது), டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைப்பு என்று வரிசையாகப் போங்கள். காரேஜுக்குத்தான் போயாக வேண்டும் என்றால் "டர்போவைப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்ப்பது) செய்து கசிவு எங்கே என்று காட்டுங்கள், அதற்கு மட்டும் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

ஒரு தம்பி கேட்ட கேள்வியும் என் பதிலும்:

— அண்ணா, அடுத்த வாரம் எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை). டாஷ்போர்டில் எரியும் எஞ்சின் லைட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டுக் கொண்டுபோகலாமா?

— வேண்டாம் தம்பி. 2008 ஜூலை 1 முதல் பதிவான டீசல் காரில் அந்த லைட் எரிந்தாலே ஃபெயில்தான், அதனால் உன் அவசரம் புரிகிறது. ஆனால் குழாய் பிளந்தது பிளந்ததுதானே, அடுத்த மேட்டில் லைட் திரும்ப வரும். டிபிஎஃப் உள்ள வண்டி என்றால் சோதனையில் கண்ணுக்குப் புகை தெரிந்தாலும் ஃபெயில் செய்வார்கள். கோடு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை போனட்டைத் திற. குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று போட்டோ எடுத்துப் போடு, பார்க்கிறேன்.