கடைசி டைவ் வெள்ளிக்கிழமை

(எங்கள் குடும்பக் குழுவில் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிய உரையாடல் இது. பெயர்களுக்குப் பதில் என் போனில் சேமித்திருக்கும் உறவுமுறையே இருக்கட்டும். அண்ணன் என்பது பெரியப்பாவின் மகன், என் அப்பா அவனுக்குச் சித்தப்பா. காலை வணக்கப் படங்கள் பதினொன்றையும் பெரியப்பா அனுப்பிய சூரிய உதய வீடியோவையும் எடுத்துவிட்டேன்.)

குழு: குன்னூர் வீடு

காலை 9.12

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் அந்தமான். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மூன்று தீவு. ஸ்கூபா டைவிங் கட்டாயம். விமான டிக்கெட் இப்போது போட்டால் மலிவு. யார் யார் வருகிறீர்கள்?

தம்பி: நான் நான் நான்

பெரியப்பா: 👍

பெரியம்மா: இவர் எதற்குக் கட்டைவிரல் காட்டுகிறார்? பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், செய்தியைப் படிக்கவே இல்லை.

பெரியப்பா: படித்தேன். அந்தமான்தானே. கப்பலில் போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் உண்டு.

அண்ணன்: அப்பா, கப்பலில் போவதற்கு மட்டும் மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்.

அத்தை: லட்சத்தீவு பார்க்கவில்லையா? கொச்சி நமக்குப் பக்கமாயிற்றே.

நான்: பார்த்தேன் அத்தை. அங்கே போக நாம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து அகத்திக்குப் போவது சின்ன விமானம். நம் கூட்டத்துக்கு ஒரே நாளில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தமானில் நாம் போகிற தீவுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சித்தப்பா: எனக்கு வந்த விளம்பரத்தில் சுவராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று போட்டிருக்கிறது. அது வேறு இடமா?

நான்: அதேதான் சித்தப்பா. ஹேவ்லாக்கை சுவராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் 2018 டிசம்பரில் மாற்றினார்கள். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அண்ணா, படகு டிக்கெட் போடும்போது இரண்டு பெயரிலும் தேடு.

பெரியம்மா: எனக்கு நீச்சல் தெரியாதே கண்ணு. ஸ்கூபா என்றால் முத்துக் குளிப்பது மாதிரியா? தூத்துக்குடியில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாமே.

நான்: அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள் பெரியம்மா. இதில் மூச்சை அடக்கவே கூடாது, அதுதான் முதல் பாடம். முதுகில் சிலிண்டர், வாயில் அந்தக் காற்றைத் தருகிற ரெகுலேட்டர், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நீச்சல் தேவையில்லை. பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான்.

தம்பி: சிலிண்டரில் ஆக்சிஜன்தானே?

அத்தை: இல்லடா. நாம் சுவாசிக்கிற காற்றைத்தான் வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள். ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆஸ்பத்திரியில் இருக்கும் சிலிண்டர் வேறு.

பெரியம்மா: தண்ணீர் ஜில்லென்று இருக்குமா?

நான்: 27, 28 டிகிரி இருக்கும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நினைத்துப் பயப்படாதீர்கள்.

பெரியம்மா: வெந்நீர் போடாமலே குளிக்கிற ஊரா! அப்படியானால் நான் வருகிறேன். இறங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

காலை 10.05

அண்ணன்: திட்டம் போட்டுவிட்டேன், பாருங்கள். பிப்ரவரி 6 வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ். சனி சென்னையில் அண்ணியின் அக்கா வீடு. 8 ஞாயிறு விமானம். திங்கள் ஹேவ்லாக். செவ்வாய், புதன் டைவ். வியாழன் நீல், வெள்ளி அங்கே டைவ். 14 சனி காலைப் படகில் போர்ட் பிளேர் வந்து, மதியம் 2 மணிக்கு நார்த் பேயில் கடைசி டைவ். ஞாயிறு காலை 7 மணி விமானம், இரவு ரயில், திங்கள் காலை வீட்டில் காபி. ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

அண்ணி: சொன்னால் கேளுங்கள். இவர் நேற்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து இதைப் போட்டார்.

தம்பி: சூப்பர் அண்ணா

பெரியப்பா: 👍

நான்: சனிக்கிழமை டைவ் வேண்டாம்.

அண்ணன்: ஏன்? நல்ல இடம். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற படம் அந்த நார்த் பே கலங்கரை விளக்கம்தான்.

நான்: பார்த்துவிட்டு வரலாம். இறங்க வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், யாரும் நடுவில் காலை வணக்கம் போடாதீர்கள்.

நான்: ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மேலே வந்ததும் ஒரேயடியாகப் போய்விடாது, மெல்ல மெல்ல நுரையீரல் வழியாகத்தான் வெளியேறும். அது வெளியேறுவதற்கு முன்பே அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, மரத்துப்போவது, மோசமானால் நடக்கவே முடியாமல் போவது வரை உண்டு. அதனால்தான் டைவ் முடிந்து உடனே விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது, பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அண்ணன் கணக்கில் மதியம் இரண்டிலிருந்து காலை ஏழு வரை 17 மணி நேரம்தான். தண்ணீரிலிருந்து ஏறுவதற்குள் இரண்டே முக்கால் ஆகிவிடும், இன்னும் குறையும்.

அண்ணன்: சரி, ஒரு மணி நேரம்தானே குறைகிறது. மதியம் கிளம்பும் விமானம் போட்டுவிடுகிறேன்.

நான்: விமானம் மட்டும் இல்லை அண்ணா. விமானத்துக்குள் காற்றழுத்தம் எவ்வளவு தெரியுமா? 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பது மாதிரி வைத்திருப்பார்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர், அத்தை இருக்கிற ஊட்டி 2240. நம் வீடே விமானத்துக்குள்தான் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இறங்கியதும் தப்பித்துவிடுவார்கள். நாம் மறுபடி ஏற வேண்டும், ஏறி அங்கேயே தூங்கவும் வேண்டும்.

சித்தப்பா: இது சரியான பேச்சு. மேட்டுப்பாளையத்தில் வாங்குகிற சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பி நிற்பதை நான் தினமும் வண்டியில் பார்க்கிறேன். டூரிஸ்ட் பிள்ளைகள் வெடித்துவிடும் என்று பயப்படும்.

நான்: அதேதான் சித்தப்பா. குமிழியும் அப்படித்தான் பெரிதாகும். மூச்சை அடக்காதே என்பதும் இதனால்தான். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். அடக்கி வைத்தால் நுரையீரல்தான் சிப்ஸ் பாக்கெட்.

அண்ணி: 😳

அண்ணன்: நெட்டில் ஆயிரம் சொல்வார்கள். என் ஆபீஸ் நண்பர்கள் காலையில் இறங்கிவிட்டு அன்று மாலையே விமானம் ஏறியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

(இதற்குப் பிறகு கால் மணி நேரம் நான் எழுதி எழுதி அழித்தேன்.)

காலை 10.41

நான்: எனக்கு ஆகியிருக்கிறது. பாண்டிச்சேரியில் வேலை பார்த்தபோது ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலை டைவிங் படிப்பு முடித்தேன் இல்லையா, அதற்கு அடுத்த மாதம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டைவ். ஞாயிறு மூன்று மணிக்குக் கடைசி. அன்று இரவே பஸ் ஏறினேன், காலை ஆறு மணிக்கு மலைப்பாதையில் பர்லியாறு. விமானம் ஏறவில்லையே, பஸ்தானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோது இடது முழங்கைக்கு உள்ளே ஒரு வலி. அமுக்கினாலும் தெரியாது, மடக்கினாலும் தெரியாது, உள்ளேயே இருக்கும். பஸ் ஜன்னலில் இடித்திருப்பேன் என்று தைலம் தேய்த்தேன். இரண்டு நாளில் போய்விட்டது. பயிற்சியாளரிடம் போனில் சொன்னபோது திட்டித் தீர்த்துவிட்டார். அப்போதே கீழே இறங்கி ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டுமாம்.

அம்மா: தைலம் கேட்டாயே, அன்றைக்கா?

நான்: ஆமாம்மா.

அம்மா: தலைவலி என்று சொன்னாய்.

நான்: சொன்னால் மறுபடி போக விடமாட்டாய் என்று சொல்லவில்லை.

அம்மா: இப்போது மட்டும் விடப்போகிறேனா?

அத்தை: அண்ணி, அவளைப் பிறகு திட்டிக்கொள்ளலாம். அவள் சொல்வது சரி. இந்த வலிக்காரர்கள் பாதிப் பேர் சுளுக்கு என்றுதான் வருவார்கள். நாம் மலைக்காரர்கள், கணக்கு நமக்கு வேறு.

அண்ணன்: சரி சரி. சனிக்கிழமை டைவ் எடுத்துவிட்டேன். கடைசி டைவ் வெள்ளி காலை நீலில். ஞாயிறு விமானத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. போதுமா தாயே?

நான்: போதும். தாராளம்.

காலை 11.20

பெரியப்பா: நான் இறங்கலாமா? வயது 64. பிரஷர் மாத்திரை மட்டும்தான்.

அத்தை: அண்ணா, போனதும் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். இருதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை எல்லாம் இருக்கும். ஒன்றுக்கு ஆம் என்று போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அங்கே போய் இல்லை என்று பொய் எழுதாதீர்கள். ஜனவரியிலேயே நம் டாக்டரைப் பாருங்கள்.

பெரியம்மா: எழுதுவார். இரண்டு மாதம் முன்னால் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும் வழியில் ஜிலேபி சாப்பிட்டவர்.

பெரியப்பா: அது வேறு.

நான்: டாக்டர் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை பெரியப்பா. கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, உட்கார்ந்தபடியே பவளம் பார்க்கலாம். சனிக்கிழமை உங்களோடு நான் நார்த் பே வருகிறேன். பழைய 20 ரூபாய் நோட்டு ஒன்று எடுத்து வையுங்கள், பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கலாம்.

பெரியப்பா: பீரோவில் இருக்கிறது. கட்டாகவே இருக்கிறது.

பெரியம்மா: கட்டாகவா? எனக்குத் தெரியாமல் எந்த பீரோவில்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: காது அடைக்குமா? எனக்கு இறக்கத்தில் எப்போதும் அடைக்கும்.

நான்: அடைக்கும். நீங்கள் எச்சில் விழுங்குவீர்களே, அதே வேலைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை முழு மலை இறங்கினால் காதில் ஏறுகிற அழுத்தம், கடலில் வெறும் 2 மீட்டர் இறங்கினாலே ஏறிவிடும். நீங்கள் இரண்டு மணி நேரத்தில் செய்வதை அங்கே அரை நிமிடத்தில் செய்ய வேண்டும்.

சித்தப்பா: 2 மீட்டரா! இத்தனை வளைவும் ஒரு ஆள் ஆழத்துக்குள் அடக்கமா?

நான்: அதனால் ஜலதோஷம் இருந்தால் இறங்கக் கூடாது. மூக்கடைப்போடு காது திறக்காது. பிப்ரவரியில் நம் வீட்டில் யாருக்குச் சளி இல்லாமல் இருந்திருக்கிறது? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து எல்லோரும் குல்லா போடுங்கள்.

அத்தை: மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆழத்தில் இருக்கும்போது மாத்திரை வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது அடைக்கும். வாந்தி மாத்திரை வேறு விஷயம், அதை நான் கொண்டுவருகிறேன். ஒருவனுக்குக் கட்டாயம் தேவை.

தம்பி: அது நான் இல்லை

சித்தப்பா: மலைப்பாதையில் காட்டேரி ஊர் தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னது யார்?

தம்பி: அப்போது ஆறாம் வகுப்பு

அண்ணி: செலவு எவ்வளவு ஆகும் என்று யாருமே கேட்கவில்லையே.

அண்ணன்: ஒரு டைவுக்குத் தலைக்கு நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை சொல்கிறார்கள். கரையிலிருந்து இறங்கினால் குறைவு, படகில் போனால் அதிகம்.

நான்: மலிவாக இருக்கிறது என்று முன்பணம் கட்டிவிடாதே. ஒரு பயிற்சியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கூட்டிப்போவார் என்று கேள். ஒருவருக்கு ஒருவர் என்று சொல்கிற இடமாகப் பார். மருத்துவக் கேள்வித்தாளே கொடுக்காத இடம் என்றால் திரும்பிப் பார்க்காமல் வா. அப்புறம், அங்கே கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் சூரியன் முந்திவிடும். ஐந்தே முக்காலுக்கே வெளிச்சம், மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அதனால் படகு எல்லாம் அதிகாலையில். தம்பி, உன்னைத்தான் சொல்கிறேன்.

அம்மா: சங்கு, பவளம் ஏதாவது கிடைத்தால் பூஜை அறைக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.

நான்: அம்மா, வேண்டவே வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்ந்த முதல் பட்டியலில் இருக்கிறது. கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. தொடவும் கூடாது, அது கல் இல்லை, உயிர்.

அம்மா: நீயும் வா என்று இன்னும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நான்: நீ இல்லாமலா? உன்னைச் சேர்த்துத்தான் எண்ணினேன்.

மதியம் 12.50

தம்பி: தண்ணீருக்குள் எப்படிப் பேசுவது?

நான்: கை சாடைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் எல்லாம் சரி. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஆட்டினால் ஏதோ சரியில்லை. கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம், டைவ் முடிந்தது என்று அர்த்தம். மறந்துபோய் சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டினால் காசு கொடுத்தது போயிற்று, கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்.

பெரியம்மா: அப்படியானால் இவர் இறங்கிய நிமிடமே மேலே வந்துவிடுவார்.

அப்பா: நீலகிரி எக்ஸ்பிரஸ் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 6ஆம் தேதி ரயிலுக்கு டிசம்பர் 8 காலை 8 மணி. நான் போடுகிறேன். எல்லோரும் ஆதாரில் உள்ளபடி பெயர், வயது அனுப்பவும். கீழ் படுக்கை பெரியவர்களுக்கு.

தம்பி: அப்பா பேசிவிட்டார்!

அண்ணன்: சித்தப்பா நீங்கள் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டா இருந்தீர்கள்?

அப்பா: திரும்பும் ரயில் 15 ஞாயிறு. அதையும் தனியாகப் போட வேண்டும். முழங்கை விஷயம் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

நான்: சரிப்பா.

பெரியம்மா: பத்து நாளைக்கு நாய்க்கு யார் சோறு வைப்பது?

பெரியப்பா: 👍

தம்பி: பெரியப்பா மேலே போகலாம் என்கிறார்