அடுத்த பெருந்தொற்றுக்கு வேலூர்ப் பக்கத்து இன்ஜினியர்கள்: புதுசா மெஷின் செய்யணுமா, இருக்கிறதை ஓட வைக்கணுமா?

சத்துவாச்சாரி_சர்க்யூட்

காட்பாடியில் பொறியியல் பல்கலைக்கழகம், ராணிப்பேட்டையில் பி.ஹெச்.இ.எல்., சிப்காட்டில் பட்டறைகள், ஆம்பூர் வாணியம்பாடியில் ஷூ கம்பெனிகள். எல்லாம் ஒரே பாலாற்றங்கரை. ஆனாலும் 2020-இல் பலர் ஊரடங்கு போட்ட பிறகுதான் படம் வரையவே உட்கார்ந்தார்கள். அடுத்தது வருவதற்குள் குறைந்த விலை வென்டிலேட்டர், காற்று ஃபில்டர் பெட்டி, கார்பன் டை ஆக்சைடு மீட்டர் மூன்றுக்கும் டிசைன் தயாராக இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

முடியாது என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 2020 மார்ச்சில் இத்தாலியின் கியாரி ஊர் மருத்துவமனையில் வென்சுரி வால்வு (ஆக்சிஜனோடு காற்றைக் கலந்து நோயாளிக்கு அனுப்பும் சின்னப் பாகம்) தீர்ந்துபோனபோது, ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனி முப்பரிமாண அச்சில் அடித்துக் கொடுத்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் மெர்சிடிஸ் பந்தயக் கார் பிரிவும் சேர்ந்து, முதல் கூட்டம் போட்டு 100 மணி நேரத்துக்குள் சீபேப் கருவியின் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று தருவது) முதல் மாதிரியை முடித்தார்கள்.

பயோமெட்_வாலாஜா

சார், ரெண்டு உதாரணமும் உங்க கட்சிக்கு எதிராத்தான் பேசுது. கியாரியில் ஆஸ்பத்திரியே "இந்தப் பாகம் வேணும்"னு கேட்டது, அளந்து பார்க்க அசல் வால்வு கையில் இருந்தது. லண்டன்காரங்க ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சீபேப் கருவியைப் பிரிச்சுப் பார்த்துத் திரும்பச் செஞ்சாங்க. யாரும் வெள்ளைத் தாள்ல இருந்து ஆரம்பிக்கலை.

வென்டிலேட்டருக்கு வருவோம். ஆம்பு பையை (மூச்சு குடுக்க அழுத்துற பை) மோட்டார் கை வெச்சு அழுத்துற மாடல்தான் நம்ம காலேஜ்கள்ல அதிகம். நிமிஷத்துக்கு 20 மூச்சுன்னா நாளைக்கு 28,800 அழுத்தம். நோயாளி ரெண்டு வாரம் கிடந்தா நாலு லட்சம். அந்தப் பை ஆம்புலன்ஸ்ல கையால அழுத்தச் செஞ்சது. வாரக்கணக்கில் ஒரே இடத்துல மடிஞ்சா அங்கேயே கிழியும்.

அதைவிடப் பெரிய விஷயம், நுரையீரல் விறைச்ச நோயாளிக்கு உயரத்தை வெச்சுக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு ஒரு மூச்சில் 6 மில்லி காற்றுதான். 60 கிலோவுக்கு 360 மில்லி. வெளிமூச்சு எவ்வளவு திரும்பி வந்ததுன்னு அளக்காம இதைப் பிடிக்க முடியாது. மூச்சு விட்டு முடிக்கும்போதும் நுரையீரல்ல கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கணும், உச்ச அழுத்தத்துக்கு வரம்பு வேணும், குழாய் கழண்டா அலாரம் அடிக்கணும். இதெல்லாம் போட்டு முடிச்சா அது குறைந்த விலை வென்டிலேட்டரா இருக்காது.

சத்துவாச்சாரி_சர்க்யூட்

அழுத்த சென்சாரும் ஃப்ளோ சென்சாரும் இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய். விலை பிரச்சினை இல்லை, பரிசோதிக்க இடம் இல்லாததுதான் பிரச்சினை. செயற்கை நுரையீரலில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டு எங்கே உடைகிறது என்று பார்க்க அமைதிக்காலம்தானே நேரம்? பை கிழியும் என்றால் பையை விட்டுவிட்டு, விசிறியால் காற்றைத் தள்ளும் ப்ளோயர் மாடலுக்குப் போகலாம். நீங்கள் சொல்வது "அவசரத்தில் செய்யாதே" என்பதற்குக் காரணம், "இப்போதும் செய்யாதே" என்பதற்கு அல்ல.

டக்ட்மேன்_சிப்காட்

வென்டிலேட்டர் வரைக்கும் போகும் நோயாளியையே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் வார்டில் இருக்கும் மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்கக் காற்று மாற வேண்டும். அது லோக்கல் எலக்ட்ரீஷியன் கையில் இருக்கிற வேலை.

கணக்கைப் பாருங்கள். எட்டுக் கட்டில் வார்டு, 10 மீட்டர் நீளம், 6 அகலம், 3.5 உயரம். 210 கன மீட்டர். உலக சுகாதார நிறுவனம் நோயாளிக்கு வினாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று கேட்கிறது. எட்டுப் பேருக்கு 480 லிட்டர், அதாவது மணிக்கு 1,728 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு எட்டுத் தடவைக்கு மேல் மாறும். எக்சாஸ்ட் ஃபேன் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது தடையில்லாத காற்றுக்கான அளவு. ஷட்டர், கொசுவலை, தூசி எல்லாம் கழித்து அதில் பாதியைத்தான் நம்பவேண்டும். ஆகவே மணிக்கு 3,500 கன மீட்டர் போட்ட ஃபேன் வாங்குங்கள்.

ஃபேனை மாட்டுவதில் செய்யும் தப்புதான் அதிகம். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், வார்டின் மறுகோடி அப்படியே தேங்கி நிற்கும். ஃபேன் பக்கத்து ஜன்னல்களை மூடி, எதிர்ச்சுவர் ஜன்னலை மட்டும் திறக்கவேண்டும். காரிடார் பக்கம் ஊதவே கூடாது. ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பிடித்துப் பாருங்கள் (ஆக்சிஜன் ஓடாத காலி வார்டில் மட்டும்). புகை ஃபேனை நோக்கிப் போகவேண்டும். கதவை ஒரு விரல் அளவு திறந்தால் காரிடார்ப் புகை வார்டுக்குள் வரவேண்டும்.

சத்துவாச்சாரி_சர்க்யூட்

வேலூர் மே மாதம். வெளியே 42 டிகிரி. ஏ.சி. போட்ட ஐ.சி.யூ.வில் மணிக்கு எட்டுத் தடவை வெளிக்காற்றை இழுத்தால் அந்த ஏ.சி. எப்படித் தாங்கும்? அங்கே ஃபில்டர் பெட்டிதான் வழி. அமெரிக்காவில் 2020-இல் கோர்சி, ரோசன்தால் என்ற இருவர் பெயரில் வந்த டிசைன்: 20 அங்குல மெர்வ்-13 (நுண்துகளைப் பிடிக்கும் தரம்) ஃபில்டர் நாலைந்தைப் பெட்டியாக ஒட்டி மேலே சதுர ஃபேன் வைப்பது. அந்தச் சதுர ஃபேன் நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆனால் ஏ.எச்.யூ.வுக்கு (பெரிய கட்டிட ஏ.சி.யில் காற்றைச் சுற்றவிடும் யூனிட்) போடும் இரண்டடிக்கு இரண்டடி எஃப்-7 தர ஃபில்டர் கிடைக்கும். நாலு ஃபில்டர் நாலு சுவர், அடியில் பிளைவுட், மேலே பிளைவுட்டில் வட்டம் வெட்டி 12 அங்குல எக்சாஸ்ட் ஃபேன் மேல்நோக்கி.

டக்ட்மேன்_சிப்காட்

இதில் உங்களோடு சண்டை இல்லை, ஆனால் செய்முறையில் இடறும் இடங்கள் உண்டு. எக்சாஸ்ட் ஃபேனுக்கு அழுத்தம் தாங்கும் சக்தி குறைவு, அதனால் ஃபில்டர் பரப்பைக் குறைக்கவே கூடாது. நாலு ஃபில்டர் சேர்ந்து ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர். மணிக்கு 1,000 கன மீட்டர் போனால் ஃபில்டர் முகத்தில் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர்தான். ஏ.எச்.யூ.வில் இதே ஃபில்டர் 1.5 முதல் 2.5 வரை தாங்குகிறது. இங்கே தடை மிகக் குறைவாக இருப்பதால்தான் சாதா ஃபேன் இழுக்கிறது. காசை மிச்சம் பிடிக்க ஒரே ஃபில்டரை ஃபேன் முன்னால் கட்டினால் இழுக்காது, மோட்டார்தான் சூடாகும்.

ஃபில்டர் ஓரத்து அம்புக்குறி பெட்டிக்கு உள்பக்கம் பார்க்கவேண்டும். மூலைகளுக்கு அலுமினியம் டேப். பார்சல் டேப் நம்ம வெயிலில் இளகிப் பிரியும், பிரிந்த இடுக்கு வழியாகத்தான் காற்று போகும். முக்கியமாக, தூசி படிந்தால் தண்ணீரில் அலசாதீர்கள், ஸ்பிரிட் தெளிக்காதீர்கள். இந்த வகையில் பலதும் இழையில் ஏற்றிய மின்னூட்டத்தால்தான் நுண்துகளைப் பிடிக்கிறது. அது போய்விட்டால் பார்க்கப் புதுசாகத் தெரியும், வேலை செய்யாது. கல்குவாரிப் பக்கத்து ஊர் என்றால் வெளியே ஒரு மலிவு முன்ஃபில்டர் கட்டி அதை மட்டும் மாற்றுங்கள்.

பேரணாம்பட்டு_நர்ஸ்

எல்லாம் சரி சார், சத்தத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலியே? நைட் ஷிஃப்ட்ல சத்தம் போடுற எதையும் பேஷண்ட்டோட அட்டெண்டரே அணைச்சிடுவாங்க. கட்டில் பக்கத்துல ப்ளக் பாயின்ட் இருக்கிறதே ரெண்டு. அதுல ஒண்ணு கான்சென்ட்ரேட்டருக்கு (காத்துல இருந்து ஆக்சிஜன் பிரிச்சுக் குடுக்கிற மெஷின்) போயிடும்.

டக்ட்மேன்_சிப்காட்

நியாயம் சிஸ்டர். ஒரு பெட்டியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், சத்தம் நன்றாகக் குறையும். கட்டில்களுக்கு நடுவே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. இணைப்பைச் சுவிட்ச் இல்லாமல் நேராகக் கொடுத்துவிடலாம், அணைக்க வேண்டுமென்றால் எம்.சி.பி.க்குத்தான் போகவேண்டும்.

சத்துவாச்சாரி_சர்க்யூட்

பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்தால் போதும்.

டக்ட்மேன்_சிப்காட்

அந்த மீட்டருக்கு ஃபில்டர் பெட்டி இருப்பதே தெரியாது. ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். மீட்டர் சொல்வது வெளிக்காற்று வருகிறதா என்பதை மட்டும். வெளியே 420 பி.பி.எம். இருக்கும். வார்டில் 800 தாண்டினால் ஜன்னலைத் தேடுங்கள்.

வாங்கும்போது அகச்சிவப்பு முறையில் அளப்பதா என்று பாருங்கள். மலிவு மீட்டர்கள் பல, ஆவிகளை முகர்ந்து கணக்குப் போட்டு ஒரு எண்ணைக் காட்டுகின்றன. பக்கத்தில் யாராவது சானிடைசர் தேய்த்தால் ஆயிரக்கணக்கில் குதிக்கும். அகச்சிவப்பு சென்சாரிலும் ஒரு சிக்கல்: தானே திருத்திக்கொள்ளும் வசதி, கண்ட குறைந்தபட்ச அளவை 400 என்று எடுத்துக்கொள்ளும். இரவு பகல் ஆள் இருக்கும் வார்டில் அது ஒருநாளும் 400-ஐப் பார்க்காது, நாளாக ஆகக் குறைத்துக் காட்டும். அந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் வைத்துத் திருத்துங்கள்.

பயோமெட்_வாலாஜா

இப்போ இருக்கிற மெஷினை ஓட வைக்கணும்கிற என் பக்கத்துக்கு வாங்க. 2021 ரெண்டாம் அலையில் வந்த கான்சென்ட்ரேட்டர்கள் ஸ்டோர் ரூம்ல கிடந்தா அதுவே கெடும். உள்ளே இருக்கிற ஜியோலைட் ஈரத்தை உறிஞ்சினா நைட்ரஜனைப் பிடிக்காது. அப்புறம் மீட்டர்ல 5 லிட்டர் காட்டும், வர்றது வெறும் காற்றுக்கு நெருக்கமா இருக்கும். யார்கிட்டயாவது ஒரு ஆக்சிஜன் அனலைசரைக் கொடுத்து, மாசம் ஒருதரம் அரைமணி நேரம் ஓட்டி எழுதி வைக்கச் சொல்லுங்க. முழு ஃப்ளோவில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் வந்தா நல்லது. 85-க்குக் கீழே போனா அந்த ஜியோலைட் இருக்கிற சல்லடைப் படுகையை மாத்தணும். அனலைசர் செல்லும் பயன்படுத்தாமலே ரெண்டு வருஷத்துக்குள் செத்துப்போகும், ஆகவே முதல்ல வெளிக்காற்றில் 20.9 காட்டுதான்னு பாருங்க.

ஆக்சிஜனை ஈரப்படுத்துற ஹியூமிடிஃபையர் பாட்டில் மூடி கோணலா ஏறினா பாதி ஆக்சிஜன் அங்கேயே போகும். வெளிவாயை விரலால் அடைச்சா வால்வு விசிலடிக்கணும். அடிக்கலைன்னா ஒழுகுது. பேரணாம்பட்டு, அணைக்கட்டு மாதிரி லைன் கடைசியில் இருக்கிற இடங்கள்ல சாயங்காலம் வோல்டேஜ் 207-க்குக் கீழே இறங்கினா கம்ப்ரசர் திணறும். மெஷின் பழுதுன்னு திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க.

பேரணாம்பட்டு_நர்ஸ்

சிலிண்டர் எவ்ளோ நேரம் வரும்னு சுவத்துல ஒட்ற மாதிரி ஒரு கணக்கு குடுங்க சார். அதுதான் எங்களுக்கு வேணும்.

பயோமெட்_வாலாஜா

பெரிய டி டைப் 7,000 லிட்டர், சின்ன பி டைப் 1,500 லிட்டர். முழு அழுத்தம் 150 பார். கேஜ் காட்டுறதை 150-ஆல் வகுத்து, கொள்ளளவால் பெருக்கி, ஃப்ளோவால் (நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்) வகுங்க சிஸ்டர், நிமிஷம் வரும். 10 லிட்டர் ஃப்ளோவில் முழு டி டைப் 11 மணி 40 நிமிஷம், பி டைப் ரெண்டரை மணி. மூக்குவழி ஹை ஃப்ளோ மெஷின் 60 லிட்டர், முழு ஆக்சிஜன்னா, டி டைப் ரெண்டு மணி நேரம்கூட வராது. கேஜ் 30 வந்ததும் மாத்த ஆரம்பிங்க. வால்வு இறுகினா எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது, எண்ணெய்க் கையாலயும் தொடக்கூடாது. தீப்பிடிக்கும்.

திரவ ஆக்சிஜன் 1 டன் வந்தா ஏறக்குறைய 750 கன மீட்டர் வாயு, 107 டி டைப். டேங்கர் வர்ற நேரத்தை இதை வெச்சுத்தான் கணிக்கணும்.

ஆம்பூர்_டை_கட்டர்

ஃபேஸ் ஷீல்டுக்கு முப்பரிமாண பிரிண்டர் எதுக்குங்க? ஒரு பட்டை அடிக்கவே மணிக்கணக்கு ஆவுது. 250 மைக்ரான் பி.இ.டி. பிளாஸ்டிக் ஷீட்டை நாலஞ்சு அடுக்கா வெச்சு கிளிக்கர் பிரஸ்ல (தோல் வெட்டுற அச்சு மெஷின்) ஒரு அடி. அந்த ஒரு அடியில நாலஞ்சு ஷீல்டு வந்துடும். தோல் வெட்டுற கட்டிங் டை மாதிரியே இதுக்கும் டை வளைச்சுக்கலாம். நெத்திக்கு ஒரு இஞ்ச் ஃபோம், பின்னாடி எலாஸ்டிக். ஷீட்டு ரெண்டு பக்கமும் பாதுகாப்பு ஃபிலிம் இருக்கும், உரிக்காம மாட்டிக்கிட்டா மங்கலாத்தான் தெரியும், அதை எழுதியே ஒட்டிடுங்க.

கவரால் (உடம்பு முழுக்க மூடுற பாதுகாப்பு உடை) தைக்கிறேன்னு வர்ற யூனிட்டுக்கு ஒரு எச்சரிக்கை: தோல் ஊசியோட போடாதீங்க. அதோட முனை வெட்டுற முனை, துணியில பெரிய ஓட்டை போட்டுடும். வட்டமுனை ஊசி மாத்தணும். மாத்தினாலும் தையல் ஓட்டை இருக்கும், மேல சீம் டேப்பைச் சூட்டுக்காத்துல ஒட்டியே ஆகணும். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 17423. செயற்கை ரத்தச் சோதனையை முழுத்துணியில பண்ணி பாஸாயிட்டு, தையல்ல ஃபெயிலாகும்.

சத்துவாச்சாரி_சர்க்யூட்

பிரிண்டர் முதல் மாதிரிக்கு, டை உற்பத்திக்கு. நெற்றிப்பட்டை வளைவை நான் அச்சடித்துத் தருகிறேன், அதை வைத்து டை வளைத்துப் பாருங்கள் அண்ணே. வென்டிலேட்டர் விஷயத்தை நான் விட்டுவிடவில்லை, வாலாஜா சார். ப்ளோயர் மாடலுக்கு அழுத்த வரைபடம் எடுத்துப் போடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பயோமெட்_வாலாஜா

போடுங்க. குழாயைக் கழட்டி விட்ட நொடியில இருந்து அலாரம் அடிக்கிற வரைக்கும் உள்ள வரைபடத்தை முதல்ல போடுங்க, மத்ததை அப்புறம் பார்ப்போம்.