அம்மாவின் முழங்கால்: எக்ஸ்ரே ஒன்று சொல்கிறது, ஸ்கேன் வேறொன்று சொல்கிறது

பாம்பன்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் பாசி எடுக்கப் போய்வந்தவர். இடுப்பளவு நீரில் பாறைமேல் நின்று, மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிச் சேர்க்கிற வேலை. ஓராண்டாக வலது முழங்காலில் வலி இருக்கிறது. வள்ளத்திலிருந்து இறங்கும்போதும் குத்தவைத்து எழும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறார். காலையில் பத்து நிமிடம் கால் மடங்குவதில்லை, பிறகு சரியாகிவிடுகிறது. சில்லுக்கு மேலே வீக்கமும், முழங்காலின் பின்குழியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்பும் உள்ளன.

முதலில் ஒரு தனியார் மையத்தில் மேசையில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். ‘ஆரம்பத் தேய்மானம், இரண்டாம் நிலை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர், வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான் என்று சொல்லி மாத்திரையும் தைலமும் எழுதினார். ஒரு மாதம் கழித்து வேறோர் இடத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தபோது, மூட்டில் நீர் கோத்திருக்கிறது, பின்குழியில் பேக்கர் நீர்க்கட்டி இருக்கிறது, உட்பக்க ஜவ்வு வெளியே பிதுங்கியிருக்கிறது என்று மூன்று வரியில் அறிக்கை வந்தது. ஒன்று சிறிய கோளாறு என்கிறது, மற்றொன்று பெரிதாகப் பயமுறுத்துகிறது. எதை நம்புவது? எம்ஆர்ஐ எடுக்காமல் முடிவு தெரியாதா? அந்தச் செலவுக்கு யோசிக்கவேண்டிய நிலையில் இருக்கிறோம் என்பதால் கேட்கிறேன்.

இருட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, பிலிமை மருந்தில் கழுவிக் காயப்போட்ட காலத்திலிருந்து எக்ஸ்ரே எடுத்து, இப்போது ஓய்வில் இருப்பவன் நான். இரண்டு அறிக்கைகளில் எதுவும் பொய் சொல்லவில்லை; அவை பார்த்த இடங்கள்தாம் வேறு. ஆனால் ‘மேசையில் படுக்க வைத்து’ என்று நீங்கள் எழுதிய சொற்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே படத்தில் கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் குருத்தெலும்பும், மெத்தை போல இடையில் கிடக்கும் ஜவ்வும் இருக்கும் இடம். அந்த இடைவெளி குறைந்திருப்பதை வைத்துத்தான் தேய்மானத்தை ஊகிக்கிறோம். படுத்திருப்பவரின் முழங்காலில் உடம்பின் பாரம் இறங்குவதில்லை என்பதால், தேய்ந்துபோன மூட்டிலும் எலும்புகள் விலகி நின்று, இடைவெளி நன்றாகவே இருப்பது போலக் காட்டும். அதே ஆளை இரண்டு காலிலும் சமமாகப் பாரம் விழும்படி நிற்க வைத்து எடுத்தால், உட்பக்க இடைவெளி சட்டென்று சுருங்கித் தெரிவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முழங்காலை 45 பாகை மடக்கி நிற்கச் சொல்லி, பின்புறமிருந்து முன்னோக்கி எடுக்கும் ரோசன்பர்க் முறை 1988இல் வந்தது. நேராக நிற்கும்போது ஒன்றையொன்று தொடாத, மடங்கும்போது மட்டும் பாரம் தாங்குகிற பின்பகுதியின் தேய்மானம் அதில்தான் பிடிபடும். குத்தவைத்து எழும்போது வலி என்கிறீர்கள். அதனால் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையில் உள்ள பகுதியைக் காட்டும் ஸ்கைலைன் படமும் ஒன்று வேண்டும் என்பேன்.

அந்த ‘இரண்டாம் நிலை’ என்பது கெல்கிரனும் லாரன்சும் 1957இல் வகுத்த அளவுகோல். பூச்சியத்திலிருந்து நான்கு வரை போகும். எலும்பு ஓரத்தில் முள் போன்ற வளர்ச்சி தெளிவாகத் தெரிந்து, இடைவெளி குறைந்திருக்கலாம் என்ற ஐயம் மட்டும் இருந்தால் இரண்டு. இடைவெளி உறுதியாகவே குறைந்திருந்தால் மூன்று. ஏறக்குறைய மறைந்து, எலும்பு வெளுத்து இறுகி, வடிவமும் கெட்டிருந்தால் நான்கு. அப்படியானால், படுக்க வைத்து எடுத்த படத்தை வைத்து இரண்டா மூன்றா என்று எப்படித் தீர்ப்பது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேனுக்கு வருவோம். ஒலி எலும்புக்குள் புகாது என்பதால், பாரம் தாங்கும் நடுப்பகுதிக் குருத்தெலும்பை அது முழுமையாகக் காட்டாது; முழங்காலை நன்றாக மடக்கினால் சில்லு உருளும் பள்ளத்தின் குருத்தெலும்பு மட்டும் ஓரளவு தெரியும். ஆனால் நீர், வீங்கிய மூட்டுச்சவ்வு, பின்குழிக் கட்டி, பிதுங்கிய ஜவ்வு ஆகியவற்றை எக்ஸ்ரேயை விட மிகத் தெளிவாகக் காட்டும். இதில் எடுப்பவரின் கைப்பழக்கம் முக்கியம். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் சற்றே மடக்கி, ஜெல்லைத் தாராளமாக விட்டு, கருவியைப் பூப்போல வைத்துப் பார்த்தால், சில்லுக்கு மேலே நீர் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அவசரத்தில் அழுத்திவிட்டால் அந்த நீர் பக்கத்தில் ஒதுங்கி, இல்லாதது போல ஆகிவிடும். உங்கள் அறிக்கையில் நீர் வந்திருக்கிறதென்றால், பார்த்தவர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

மண்டபம் இயன்முறை எழுதியது:

அண்ணன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இயன்முறை மருத்துவர். 45 வயதைக் கடந்தவருக்கு, நடமாடும்போது வரும் மூட்டுவலியும், காலை இறுக்கம் இல்லாமலோ அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்காமலோ இருப்பதும் போதும், படமே இல்லாமல் முழங்கால் தேய்மானம் என்று கண்டறியலாம் என்பது பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு மருத்துவர்களுக்குத் தரும் வழிகாட்டுதல். பாம்பன் தம்பி சொன்ன பத்து நிமிடம் அதற்குள் அடங்குகிறது. அந்த இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் நான் முடக்குவாதத்தைத்தான் முதலில் நினைப்பேன்.

படத்தின் நிலைக்கும் வலிக்கும் நேரான கணக்கு கிடையாது. நான்காம் நிலை படத்தோடு பனங்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடக்கிற ஆச்சியையும் பார்த்திருக்கிறேன். முதல் நிலையிலேயே இரவு தூங்க முடியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்குழிக் கட்டியைக் கண்டு அஞ்சவேண்டாம். மூட்டுக்குள் மிகுதியாகச் சுரக்கும் நீர் பின்பக்கமாகப் போய்த் தங்குவதுதான் அது. ஊசியால் எடுத்தாலும் மூட்டின் எரிச்சல் தணியாதவரை மீண்டும் நிரம்பும். ஜவ்வு பிதுங்குவதும் தேய்மானத்தோடு சேர்ந்தே வருகிற ஒன்று. அதற்காக மட்டும் யாராவது உடனே அறுவை சிகிச்சை என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள். முழங்கால் சட்டென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, விழுந்து அடிபட்டது போன்றவை இல்லாதவரை எம்ஆர்ஐக்கு இப்போது அவசரம் இல்லை. ஆனால் மூட்டு சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றே ஊசியால் நீரை எடுத்து, கிருமியா, யூரிக் அமிலப் படிகமா என்று பார்த்தாக வேண்டும். அதைப் படத்தில் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது.

கீழக்கரைவாசி எழுதியது:

பேக்கர் கட்டி என்றதும் எங்கள் உம்மாவின் நினைவு வந்தது. ஒருநாள் மாலையில் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் துடித்தார்கள். முதலில் பார்த்தவர் தசைப் பிடிப்பு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார். காக்கா (எங்கள் அண்ணன்) பிடிவாதமாக ஸ்கேனுக்கு அழைத்துப் போனதில், கட்டி உடைந்து நீர் தசைகளுக்கிடையே இறங்கியிருந்தது தெரிந்தது. காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தாலும் இதே போலத்தான் வீங்குமாம். அதனால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வைத்து, அந்தக் குழாயை அமுக்கி அமுக்கிப் பார்த்து, அது படிகிறது, உறைவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அனுப்பினார்கள். இதை எக்ஸ்ரே காட்டியிருக்காது. அம்மாவின் கெண்டைக்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிட விடாதீர்கள்.

பாம்பன்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போய், நிற்க வைத்து இரண்டு முழங்காலையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்தோம். இடதுகாலில் உட்பக்க இடைவெளி ஒரு விரல்நகத்தின் தடிப்புக்காவது தெரிகிறது. வலதுகாலில் கோடாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நிலை என்றார் மருத்துவர். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவை நடக்கச் சொல்லி, கையை வைத்து மூட்டு கரகரப்பதையும் பார்த்தார். தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மாத்திரை, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார். தடைக்காலம் முடிந்தும் அம்மா பாசிக்குப் போகவில்லை. அதுதான் அவருக்கு வலியை விடப் பெரிய வருத்தமாக இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. எங்கள் ஊரில் மூட்டு முகாம் நடந்தபோது கையடக்க ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காதே, ஏன் கொண்டுவருவதில்லை?

இருட்டறைக்காரர் எழுதியது:

கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம்தான் காரணம், தம்பி. முழங்காலுக்கு மட்டும் பயன்படுத்தினாலும் ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தாக வேண்டும். பதிந்த இடத்தை விட்டு நினைத்தபடி தூக்கிக்கொண்டு போகமுடியாது. ஸ்கேன் மையத்தின் வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெண்குழந்தைகளுக்காக வந்த கட்டுப்பாடு என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

எக்ஸ்ரே பிலிமை மாத்திரைச் சீட்டோடு மடித்து வைக்காமல், உறையில் போட்டு, மேலே ‘நின்ற நிலை’ என்று எழுதித் தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த முறை எங்கே எடுத்தாலும் இதே நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். நின்ற படத்தையும் படுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ‘குறைந்துவிட்டது’, ‘கூடிவிட்டது’ என்று சொல்வதில் பொருள் இல்லை. வலியில் மாற்றம் இல்லாதபோது சும்மா எடுக்கவும் வேண்டாம்.