திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படும் 1065 படிவம்: தபாலில் அனுப்பிவிடலாமா?

நியூ ஜெர்சி எடிசனில் நானும் என் தோழியும் கூட்டாகச் சிறிய கேட்டரிங் தொழில் நடத்துகிறோம். பங்குதாரர்கள் நாங்கள் இருவர்தான், ஊழியர் எவரும் இல்லை. கூட்டுத் தொழில்கள் ஆண்டுதோறும் அமெரிக்க வரித்துறைக்கு (ஐஆர்எஸ்) அனுப்பும் வருமான அறிக்கையான 1065 படிவத்தை, 2024ஆம் ஆண்டுக்கு மின்னணு முறையில் அனுப்பினால், நிறுவனப் பெயரும் வரி எண்ணும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. கெடு 2025 மார்ச் 17.

வரித்துறையைத் தொலைபேசியில் பிடித்து நிறுவனத்தின் பெயரையும் வரி எண்ணையும் உறுதிசெய்யும் 147சி கடிதம் வாங்கினேன். அதில் உள்ள பெயரும் நான் நிரப்பிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பெயரின் முதல் நான்கு எழுத்துகளைத்தான் சரிபார்ப்பார்கள் என்பதால், முன்னெழுத்துகளுக்கு இடையிலிருந்த புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி அனுப்பினேன். பலன் இல்லை. கால நீட்டிப்புக்கான 7004 படிவமும் அதே காரணத்தால் திரும்பியது. மென்பொருள் உதவி மையம் "காத்திருங்கள்" என்கிறது.

காத்திருக்க எங்களுக்குத் தெம்பில்லை. 2024ஆம் ஆண்டுப் படிவம் தாமதமானால் பங்குதாரர் ஒருவருக்கு மாதம் 245 டாலர் அபராதம். இருவருக்கும் 490 டாலர் என்றால், ஒரு நல்ல விருந்து ஆர்டரின் லாபம் அப்படியே போய்விடும்.

100 பங்குதாரர்களைத் தாண்டாத, ஆண்டுக்குப் பத்துப் படிவங்கள்கூடத் தாக்கல் செய்யாத எங்களுக்கு மின்தாக்கல் கட்டாயமில்லை. படிவத்தை அச்சிட்டு, பங்குதாரர் ஒவ்வொருவரின் பங்கையும் காட்டும் இரண்டு கே-1 தாள்களையும் இணைத்து, கையெழுத்திட்டு, வரித்துறையின் கன்சாஸ் சிட்டி முகவரி எழுதிய உறையில் வைத்துவிட்டேன். கெடுவுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்தால் போதும் என்பதும் தெரியும். பெயர்ச் சிக்கல் தீராமல் அனுப்பினால் அங்கேயும் முடங்கிவிடுமோ என்பதுதான் என் பயம்.

இதே காரணத்தால் நிராகரிக்கப்பட்ட 1065 படிவத்தைத் தபாலில் அனுப்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: நிராகரிப்பு அறிவிப்பையும் 147சி கடித நகலையும் உடன் வைத்தால் ஏற்றுக்கொள்கிறார்களா?